மேலேயிருந்து லைன் வரும், ஆனால் எந்த நிரையில்?

சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் சாலையில் போய்ச் செம்பனைக் காட்டுக்குள் திரும்பும் மண்பாதையில் ஒரு மேடு இருக்கிறது. எந்த நேரத்தில் போனாலும் அங்கே இரண்டு மூன்று மோட்டோர் நிற்கும், ஆட்கள் இறங்கி நின்று கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு அது லைன் மேடு. மேட்டை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் போய்விட்டால் ஒரு கோடுகூட வராது. போன மழைக்காலத்தில் என் சித்தப்பா மோட்டோரோடு வாய்க்காலில் விழுந்து கால் பிசகிக் கிடந்தபோது, கூட வந்தவர் அந்த மேடு வரை நடந்து போய்த்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடிந்தது. அவரிடம் இருந்தது இரண்டு கைப்பேசி, இரண்டும் வேறு வேறு கம்பெனி சிம். இரண்டும் செத்துக் கிடந்தன.

அதனால் ஒட்டுக்கடையில் மாமா ஒருவர் கேட்ட கேள்வி எனக்கு ஆச்சரியமாக இல்லை. "தம்பி, இனிமே வானத்துலேருந்தே லைன் விடுறாங்களாமே, கோபுரமே வேண்டாமாம், நம்ம தோட்டத்துக்கு எப்ப வரும்?" வரும் மாமா, அதுக்கு முதல்ல அலைக்கற்றை ஒதுக்கணும் என்றேன். "அதையும் ஒதுக்கணுமா? காத்துதானே தம்பி" என்றார்.

காற்றுதான். அதில் ஓடும் ரேடியோ அலைவரிசைகளின் தொகுப்பைத்தான் அலைக்கற்றை என்கிறோம். ஆனால் அந்தக் காற்றில் ஒரு அங்குலம்கூடப் பங்கு போடாமல் விட்டு வைக்கவில்லை. செயற்கைக்கோள் ஏவுவதை விட இந்தப் பங்கு போடும் வேலைதான் இழுக்கும். நம் தோட்டத்துக்கு எப்போது வரும் என்பதற்குப் பதிலும் அதற்குள்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

பால்மரக் காலத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட்டு நிரை, அதாவது மர வரிசை, பிரித்துக் கொடுப்பார். இந்த நிரை உனக்கு, அந்த நிரை அவளுக்கு. அடுத்தவர் நிரையில் போய் மரம் சீவினால் சண்டைதான். ஆனால் அதற்கு முன்பே வேறொரு முடிவு எடுக்கப்பட்டிருக்கும்: இந்தக் காட்டில் பால்மரமா, செம்பனையா, கொக்கோவா என்ற முடிவு. அதைப் பெரட்டில் கிராணி எடுப்பதில்லை, எங்கோ தலைமை அலுவலகத்தில் எடுப்பார்கள். அலைக்கற்றையிலும் இதே இரண்டு படிதான். எந்த அலைவரிசையில் எந்த வகைச் சேவை என்பதை உலக அளவில் முடிவு செய்வது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அதன் உலக வானொலித் தொடர்பு மாநாடு மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கூடி ஒரு பெரிய அட்டவணையைத் திருத்தும். தரைக் கைப்பேசி, ஒலிபரப்பு, ராடார், வானியல், கப்பல், விமானம், செயற்கைக்கோள் என்று எல்லாருக்கும் அதில் கட்டம் உண்டு. இதுதான் பயிர் எது என்ற முடிவு. அதற்கப்புறம் எந்தக் கம்பெனிக்கு எந்த நிரை என்பதை அந்தந்த நாடு பார்த்துக்கொள்ளும். நம் நாட்டில் அது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் வேலை, 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்.

அட்டவணையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரே கட்டத்தில் ஒரு சேவை முதன்மையாகவும் இன்னொன்று இரண்டாம் நிலையிலும் இருக்கலாம். கன்று மரங்களுக்கு நடுவே மரவள்ளியும் வாழையும் போடுவார்களே, அந்த ஊடுபயிர் மாதிரி. ஊடுபயிர் மரத்தின் வேரைக் கெடுக்கக் கூடாது, மரம் வளர்ந்து நிழல் விழுந்தால் முறையிடவும் முடியாது. இரண்டாம் நிலைச் சேவைக்கும் அதே விதிதான்: முதன்மைக்கு இடைஞ்சல் செய்யாதே, அது உனக்கு இடைஞ்சல் செய்தால் வாய் திறக்காதே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

சரி, செயற்கைக்கோள் கைப்பேசிக்கு எந்தக் காடு கிடைத்தது? சட்டத்தின் கண்ணில் அந்தச் சேவைக்குப் பெயர் நடமாடும் செயற்கைக்கோள் சேவை. நடமாடுவது நாம், செயற்கைக்கோள் அல்ல (அதுவும் சும்மா இருக்கவில்லை, அது வேறு கதை). அதில் மாமாவின் கைப்பேசியும் ஒரு "புவி நிலையம்", குவாந்தானிலோ சைபர்ஜெயாவிலோ நிற்கிற பெரிய தட்டு மாதிரி.

மூவாயிரம் மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தச் சேவைக்கென்று கிடைத்த முக்கியமான துண்டுகள் மூன்றுதான். ஒன்று, மேலிருந்து இறங்க 1525 முதல் 1559, கீழிருந்து ஏற 1626.5 முதல் 1660.5 மெகாஹெர்ட்ஸ். கப்பல்களுக்காக 1979-இல் உருவான இன்மார்சாட் என்ற செயற்கைக்கோள் அமைப்பு குடியிருப்பது இங்கேதான். இரண்டாவது, ஏற 1610 முதல் 1626.5, இறங்க 2483.5 முதல் 2500. மூன்றாவது, ஏற 1980 முதல் 2010, இறங்க 2170 முதல் 2200. பின்னிரண்டும் 1992-இல் ஸ்பெயினின் தொர்ரெமொலினோஸ் நகரில் நடந்த மாநாட்டில் கிடைத்தவை. மூன்றையும் கூட்டினால் ஏறுவதற்கு 80.5 மெகாஹெர்ட்ஸ், இறங்குவதற்கும் அதே அளவு. உலகம் முழுவதற்கும், எல்லாக் கம்பெனிகளுக்கும் சேர்த்து.

ஏன் இந்த இடத்தில் இவ்வளவு நெருக்கடி? வானத்தில் மேலே போகப் போக, பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் மெகாஹெர்ட்ஸில் இடம் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரையில் தொலைக்காட்சித் தட்டு வைத்திருக்கிற நம் ஆட்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: பிற்பகலில் வானம் கறுத்து மழை கொட்ட ஆரம்பித்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து போய்விடும். அந்த உயர்ந்த அலைவரிசையை மழைத்துளி விழுங்கிவிடுகிறது. 2023 ஜூலையில் இங்கே உரிமம் பெற்ற ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவையின் வீட்டுத் தட்டும் அந்த வட்டாரத்து அலைவரிசையைத்தான் பயன்படுத்துகிறது. தட்டு பெரியது, மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது, செயற்கைக்கோளைத் தானே தேடிப் பின்தொடர்கிறது, அதனால் சமாளிக்கிறது. சட்டைப் பைக் கைப்பேசியில் தட்டும் இல்லை, சக்தியும் இல்லை. மழையைத் தாண்டி, இலை மறைவைக் கொஞ்சமாவது தாண்டி, விரல் நீள ஆண்டெனாவுக்கு எட்டுவது 1500, 2000 மெகாஹெர்ட்ஸ் மாதிரி கீழ் அலைதான். தரைக் கோபுரக் கம்பெனிகளுக்கும் அதே கீழ் அலைதான் வேண்டும், அதே காரணத்துக்காக. பிரச்சினையே இதுதான்.

தூரக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கோபுரம் 3 கிலோமீட்டரில் இருக்கிறது, செயற்கைக்கோள் 360 கிலோமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். தூரம் 120 மடங்கு, அலையின் பலம் குறைவது அதன் வர்க்கம், அதாவது 14,400 மடங்கு. பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் செயற்கைக்கோள் என்றால் 35,786 கிலோமீட்டர், கணக்கு 140 மில்லியன் மடங்கைத் தாண்டும். பேச்சு போய்ச் சேரவே கால் விநாடி ஆகும், பதில் திரும்பி வர இன்னொரு கால் விநாடி. தாழப் பறந்தால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற பொருளிடம் பேச வேண்டும். தூரத்தில் வரும் லோரியின் ஹாரன் நம்மைத் தாண்டியதும் குரல் மாறுகிறதே, அதே மாதிரி 2000 மெகாஹெர்ட்ஸ் அலை 40 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் இடம் மாறி வரும். அதைச் சரிக்கட்டாவிட்டால் உங்கள் நிரையை விட்டு வழுக்கிப் பக்கத்து நிரைக்குள் போய்விடுவீர்கள்.

இதையெல்லாம் செய்து காட்டியவர்கள் உண்டு, கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. இரிடியம் என்ற செயற்கைக்கோள் கைப்பேசிக் கம்பெனி 1998 நவம்பர் 1-இல் சேவையைத் தொடங்கியது. 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக்கோள். முதலில் போட்ட திட்டம் 77, அந்த எண்ணுள்ள தனிமத்தின் பெயர்தான் கம்பெனிக்கு, எண் குறைந்த பிறகும் பெயரை மாற்றவில்லை. சுமார் 5 பில்லியன் டாலர் போட்டு, 1999 ஆகஸ்டில் திவால். செங்கல் மாதிரி கைப்பேசி, வீட்டுக்குள் வேலை செய்யாது, அதற்குள் ஊரெல்லாம் தரைக் கோபுரம் முளைத்துவிட்டது. பிறகு அதை 25 மில்லியன் டாலருக்கு வாங்கினார்கள், சேவை இன்று வரை ஓடிக்கொண்டிருக்கிறது, அலைக்கற்றை உரிமையும் கூடவே வந்ததால்தான் அந்த விலைக்கே அர்த்தம். நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது: 2000 பிப்ரவரியில் இந்தோனேசியர்கள் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் கூட்டாளிகளோடு சேர்ந்து கருடா 1 என்ற செயற்கைக்கோளை ஏவினார்கள், இன்மார்சாட்டின் அதே அலைத் துண்டில், தென்கிழக்காசியாவின் தீவுகளுக்கும் காடுகளுக்குமாக. நல்ல யோசனைதான், வாடிக்கையாளர்தான் போதவில்லை.

இந்தக் குறுகிய துண்டுகளில் பக்கத்து நிரைக்காரர் யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1610.6 முதல் 1613.8 வரை வானியலாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், விண்வெளியில் ஹைட்ராக்சில் மூலக்கூறு 1612 மெகாஹெர்ட்ஸில் முணுமுணுப்பதைக் கேட்க. இரிடியத்தோடு அவர்களுக்குப் பல வருடத் தகராறு. 2483.5-க்குக் கீழே நம் வீட்டு வைஃபை. 1559-க்கு மேலே ஜிபிஎஸ்: அமெரிக்காவில் லைட்ஸ்குவேர்ட் என்ற கம்பெனி 1525 முதல் 1559 வரையுள்ள செயற்கைக்கோள் துண்டில் தரைக் கோபுரம் வைக்கப் பார்த்தது, கோபுரத்தின் சத்தத்தில் பக்கத்து ஜிபிஎஸ் கருவிகளுக்குக் காது அடைக்கிறது என்று சோதனையில் தெரிந்ததும் 2012-இல் அனுமதி நின்றுபோய், அதே வருடம் கம்பெனியும் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. காகிதத்தில் அலைக்கற்றை கையில் இருந்தாலும், அதை என்ன விதமாகப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் பக்கத்து நிரைக்காரருக்குக் கவலை.

இதே இன்மார்சாட் துண்டுக்குள் இன்னொரு வேலியும் உண்டு. 1545 முதல் 1555, 1646.5 முதல் 1656.5 வரை விமானப் பாதுகாப்புச் செய்திகளுக்கு முன்னுரிமை. 1645.5 முதல் 1646.5 வரை ஆபத்து அழைப்பைத் தவிர வேறு எதற்கும் தொடக் கூடாது. 2014 மார்ச் 8-இல் 239 பேரோடு எம்எச்370 காணாமல் போன பிறகு, ராடார் கைவிட்ட நேரத்திலும் அந்த விமானம் எங்கோ பறந்துகொண்டிருந்தது என்று உலகுக்குச் சொன்னது இந்தத் துண்டில் வந்த சின்னச் சின்னப் பதில்கள்தான். இந்தியப் பெருங்கடலுக்கு மேல் நின்ற இன்மார்சாட் செயற்கைக்கோள் "இருக்கிறாயா" என்று மணிக்கொரு தடவை கேட்டதும், விமானத்தின் கருவி "இருக்கிறேன்" என்றதும். கடைசித் தொடர்பு நம் நேரப்படி காலை 8:19. அந்தப் பதில்கள் வந்து சேர எடுத்த நேரத்தையும், மேலே சொன்னேனே லோரி ஹாரன் கணக்கு, அதையும் வைத்துத்தான் கடலில் எந்த வளைவில் தேடுவது என்று முடிவு செய்தார்கள். கிலோஹெர்ட்ஸ் அளவு இடம், அதை யாரும் வேறு காரியத்துக்குத் தூக்கிக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். நம் நாட்டு ஆட்கள் இந்த அட்டவணையை வெறும் வியாபாரமாகப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே போதும்.

இப்போது மாமா கேட்ட கேள்விக்கு வருவோம். சாதாரணக் கைப்பேசிக்கு வானத்திலிருந்து நேராக லைன். இதற்கு இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, செயற்கைக்கோளுக்கு ஏற்கெனவே கிடைத்த துண்டைக் கைப்பேசிக்குள் கொண்டுவருவது. ஆப்பிள் 2022 நவம்பரில் குளோபல்ஸ்டார் நிறுவனத்தின் துண்டில் அவசரக் குறுஞ்செய்தியை இப்படித்தான் தொடங்கியது. கைப்பேசிக்குள் அந்த அலைவரிசையைப் புரிந்துகொள்ளும் சில்லு வேண்டும், எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாடும் சம்மதிக்க வேண்டும். விலை உயர்ந்த புதுக் கைப்பேசி என்பதால் நம் லயத்து வீடுகளில் அது எத்தனை பேரிடம் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது வழியில்தான் இப்போது எல்லாரும் ஓடுகிறார்கள்: தரைக் கம்பெனியின் நிரையையே செயற்கைக்கோள் கடன் வாங்குவது. மாமாவின் ஐந்து வருடப் பழைய கைப்பேசி மேலே இருப்பதை இன்னொரு கோபுரம் என்று நினைத்துக்கொள்ளும். ஸ்டார்லிங்க் இந்த வகைச் செயற்கைக்கோள்களை 2024 ஜனவரியில் ஏவத் தொடங்கியது, அதே ஆண்டு டிசம்பரில் நியூசிலாந்தில் குறுஞ்செய்திச் சேவை வந்துவிட்டது. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் 2024 மார்ச்சில் இதற்கென்று விதி எழுதியது. கடன் கொடுக்கும் கம்பெனி, பல கம்பெனிகள் என்றால் சேர்ந்து, அந்தப் பகுதி முழுவதிலும் அந்த அலைவரிசையின் எல்லா உரிமத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும், பாதி நிரையை வைத்துக்கொண்டு கடன் கொடுக்க முடியாது. ஏனென்றால் செயற்கைக்கோள் வீசும் அலைக்கதிர் தரையில் பல பத்துக் கிலோமீட்டருக்கு விழும். நம் மண்டோர் போல வேலி ஓரத்தில் கோடு போட்டு நிற்க அதற்குத் தெரியாது.

நமக்கு இது வெறும் கணக்கு இல்லை. சுங்கை சிப்புட்டுக்கு நேர் வடக்கே, வரைபடத்தில் கோடு கிழித்தால், சுமார் 100 கிலோமீட்டரில் தாய்லாந்தின் பெத்தோங். தெற்கே ஜொகூர் பாரு என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கமே சிங்கப்பூர். நம் கம்பெனி கடன் கொடுத்த அலைவரிசையில் அங்கே வேறொரு கம்பெனியின் கோபுரம் ஓடிக்கொண்டிருக்கலாம். உலக அட்டவணையில் அந்தத் தரைக் கட்டங்களில் செயற்கைக்கோளுக்கு இடம் இல்லாததால், இப்போது நடப்பதெல்லாம் அந்த அனைத்துலக ஒன்றியத்தின் வானொலி விதிகளில் 4.4 என்ற ஒரு சின்னப் பிரிவை வைத்துத்தான்: அட்டவணைக்கு மாறாக நடக்கலாம், யாருக்கும் இடைஞ்சல் கொடுக்காமல், யாரிடமிருந்தும் பாதுகாப்புக் கேட்காமல். ஊடுபயிரை விடக் கீழே, வேலியோரத்துக் கீரை மாதிரி. பக்கத்து நாடு ஒரு கடிதம் போட்டால் நிறுத்தியே ஆக வேண்டும்.

இதை முறைப்படுத்தலாமா என்பதுதான் 2027 மாநாட்டின் விவாதப் பொருள் 1.13. 2023 இறுதியில் துபாயில் கூடியபோதே அதற்கு ஆய்வு செய்யச் சொல்லிவிட்டார்கள்: ஏறத்தாழ 700 முதல் 2700 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள தரைக் கைப்பேசி அலைகளில் செயற்கைக்கோளுக்கும் முறையான இடம் கொடுக்கலாமா, கொடுத்தால் எல்லையில் எவ்வளவு சத்தம் வரை பொறுத்துக்கொள்வது என்று. உலகத்தை மூன்று வட்டாரமாகப் பிரித்ததில் நாம் மூன்றாவதில் இருக்கிறோம், நம் வட்டாரத்து நாடுகள் பேங்காக்கைத் தலைமையகமாகக் கொண்ட ஆசிய பசிபிக் தொலைத்தொடர்பு அமைப்பில் கூடிப் பொது நிலைப்பாடு எடுப்பார்கள். பெரிய நாடுகளின் செயற்கைக்கோள் கம்பெனிகள் அவசரப்படுத்துவதும், தரைக் கம்பெனிகள் காலை இழுப்பதும் எதிர்பார்க்கக்கூடியதே. இதற்கிடையில் 2025 செப்டம்பரில் ஸ்டார்லிங்க்கை நடத்தும் ஸ்பேஸ்எக்ஸ், எக்கோஸ்டார் நிறுவனத்தின் அலைக்கற்றையைச் சுமார் 17 பில்லியன் டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது, கடன் நிரையை நம்பாமல் சொந்த நிரையே வேண்டும் என்று. காற்றுக்கு இந்த விலையா என்று மாமாவிடம் சொன்னால் டீயைக் கீழே வைத்துவிடுவார்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் கீழ் அலை உரிமம் பெரும்பாலும் நாடு முழுவதற்கும் என்று கொடுக்கப்பட்டிருக்கிறது. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் அந்த அலை நிரம்பி வழிகிறது, லிந்தாங் பக்கத்துத் தோட்டத்துக்குள் அதே அலை சும்மா கிடக்கிறது, மேலே லாசா தாண்டி ஒராங் அஸ்லி கிராமங்களில் கேட்கவே வேண்டாம். நிரையை வாங்கி வைத்துக்கொண்டு மரம் சீவாதவரைக் கிராணி எத்தனை நாள் விடுவார்? இத்தனை வருடத்துக்குள் இந்த இடத்தில் நீங்கள் சேவை கொடுக்காவிட்டால், அந்த இடத்தில் மட்டும் உங்கள் அலையைச் செயற்கைக்கோளுக்கு நியாயமான வாடகைக்கு விட வேண்டும் என்று உரிமத்திலேயே எழுதலாம். மாநாடு முடியும் வரை காத்திருக்கவும் தேவையில்லை, எல்லையிலிருந்து தள்ளி இருக்கும் உள்காட்டில் 4.4 பிரிவே தாங்கும். கம்பெனிகளுக்கு இது பிடிக்காது, வாடகையை அவர்களே நிர்ணயிக்கத்தான் ஆசைப்படுவார்கள்.

அதே நேரத்தில் ஆசை காட்டவும் விரும்பவில்லை. ஒரு அலைக்கதிருக்குள் விழுகிற அத்தனை தோட்டம், கிராமம், நெடுஞ்சாலைக்கும் சேர்த்து 5 மெகாஹெர்ட்ஸ் மாதிரி ஒரு சின்ன நிரை, அதில் சில மெகாபிட்தான் ஓடும். லயத்துக்கு ஒரே குழாய் இருந்த காலம் மாதிரி, குடம் வரிசையில் நிற்கும். குறுஞ்செய்தி போகும், ஆபத்து அழைப்பு போகும், பிள்ளைகள் படம் பார்க்க முடியாது. அதற்குக் கோபுரமும் கம்பிவடமும்தான். பத்து வருடத்துக்கு மேல் வளர்ந்த செம்பனைக்குக் கீழே மட்டைகள் ஒன்றோடொன்று கோத்து வானமே தெரியாத இடத்தில் இதுவும் திணறும், மறுநடவுக் காட்டின் வெளிச்சத்துக்கு வந்து நிற்க வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மாமா இரண்டாவது டீயும் குடித்து முடித்திருந்தார். ஆணையம் அவ்வப்போது அலைக்கற்றை பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும், நாமும் எழுதலாம், லைன் எங்கே அறுபடுகிறது என்று இடத்தோடு எழுதினால் எடுபடும் என்றேன். "நீ எழுது தம்பி, நான் இடத்தக் காட்டுறேன்" என்று மோட்டோர் சாவியை எடுத்தார். மேட்டுக்கும் வாய்க்காலுக்கும் இடையில் ஏழு இடத்தில் நிறுத்தினோம். ஒவ்வொரு இடத்திலும் அவர் கைப்பேசியைத் தலைக்கு மேல் பிடித்தார், நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். ஆறில் ஒன்றும் வரவில்லை. ஏழாவதில் ஒரு கோடு வந்து போனது.